ஒரு தேதியின் பக்கம்: இந்நாளில் நடந்தவை, பிறந்தவர்கள், மறைந்தவர்களைப் பிழையில்லாமல் தொகுப்பது எப்படி?

‘வரலாற்றில் இன்று’ என்று தலைப்புப் போட்டு ஐந்தாறு வரி எழுதுவது அரை மணி நேர வேலை மாதிரி தெரியும். தேதியைத் தட்டினால் இணையம் நூறு வரி கொட்டுகிறது. நாலைந்தைப் பொறுக்கி ஒட்டினால் ஆயிற்று. நானும் அப்படித்தான் தொடங்கினேன். ஓர் ஏப்ரல் 23 அன்று, ‘ஷேக்ஸ்பியரும் ஸ்பெயின் எழுத்தாளர் செர்வான்டிஸும் 1616-இல் ஒரே நாளில் மறைந்தார்கள்’ என்று எழுதிவிட்டேன். படித்த ஒருவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “எந்த நாள்காட்டிப்படி?” பதில் தேடிப் போனபோதுதான் தெரிந்தது. ஸ்பெயின் அப்போது புதிய நாள்காட்டிக்கு மாறியிருந்தது, இங்கிலாந்து மாறவில்லை. செர்வான்டிஸ் மறைந்தது ஏப்ரல் 22. 23 அவரை அடக்கம் செய்த நாள். ஷேக்ஸ்பியரின் ஏப்ரல் 23-ஐ ஸ்பெயின் கணக்குக்கு மாற்றினால் மே 3 வரும். இரண்டு மரணங்களுக்கும் நடுவே 11 நாள் இடைவெளி.

அன்றிலிருந்து ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். எந்தத் தேதிக்கும் பின்னால் ஒரு நாள்காட்டி, ஓர் ஊர்க் கடிகாரம், யாரோ எழுதி வைத்த ஒரு பதிவேடு, இந்த மூன்றும் இருக்கின்றன. மூன்றையும் விசாரிக்காமல் ஒரு வரியைக்கூடப் பக்கத்தில் ஏற்றுவதில்லை. அந்த விசாரணையை எப்படிச் செய்வது என்பதைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்கிறேன். சாதாரண நாளை எடுத்தால் சிக்கல்கள் கண்ணில் படாது. அதனால் பிப்ரவரி 29-ஐ எடுத்துக்கொள்வோம்.

முதல் படி: வலையை அகலமாக வீசுங்கள்

முதல் சுற்றில் எதையும் கழிக்க வேண்டாம். கலைக்களஞ்சியம், பழைய நாளிதழ், வாழ்க்கை வரலாறு என எதில் அந்தத் தேதி கண்ணில் பட்டாலும் ஒரு வரியாகக் குறித்துக்கொள்ளுங்கள். பிப்ரவரி 29-க்கு என் முதல் குறிப்பில் விழுந்தவை: 1504-இல் ஜமைக்காவில் கொலம்பஸ் பார்த்த சந்திர கிரகணம், 1704-இல் டீர்ஃபீல்ட் ஊர் மீதான தாக்குதல், 1792-இல் இசையமைப்பாளர் ரோசினி பிறப்பு, 1860-இல் ஹெர்மன் ஹாலரித் பிறப்பு, 1868-இல் பவேரியாவின் முன்னாள் மன்னர் முதலாம் லூட்விக் மறைவு, 1880-இல் ஜேம்ஸ் மில்ன் வில்சன் மறைவு, 1896-இல் மொரார்ஜி தேசாய் பிறப்பு, 1904-இல் நடனக் கலைஞர் ருக்மிணி தேவி பிறப்பு, 1940-இல் நடிகை ஹாட்டி மெக்டேனியலுக்கு ஆஸ்கர், 1960-இல் அகாதிர் நிலநடுக்கம்.

குறிப்பை அட்டவணையாக வைத்துக்கொள்வது நல்லது. ஆண்டு, மாதம், நாள் மூன்றையும் தனித்தனிப் பத்தியில் போடுங்கள். பக்கத்திலேயே நாள்காட்டி, இடம், உள்ளூர் நேரம், கிழமை, எங்கே பார்த்தோம் என்பவற்றுக்கும் பத்தி வேண்டும். தேதியை ஒரே கட்டத்தில் போட்டுவிட்டு எக்செல் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடாதீர்கள். 1900-க்கு முந்தைய எதையும் அது தேதியாக ஏற்பதில்லை, வெறும் எழுத்தாகவே வைத்துக்கொள்ளும். வரிசைப்படுத்தும்போது எல்லாம் கலைந்துபோகும். இன்னொன்றும் உண்டு. 1900 லீப் ஆண்டு இல்லை, ஆனால் எக்செல் 1900 பிப்ரவரி 29 என்றொரு நாளைக் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொள்ளும். லோட்டஸ் 1-2-3 என்ற பழைய மென்பொருளோடு ஒத்துப்போவதற்காகத் தெரிந்தே விட்டுவைத்த பிழை அது.

இரண்டாம் படி: எந்த நாள்காட்டி?

இந்தப் படியில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். கொஞ்சம் நின்று பார்ப்போம்.

ஜூலியஸ் சீசர் கி.மு. 45-இல் நடைமுறைக்குக் கொண்டுவந்த நாள்காட்டியில் ஆண்டுக்கு 365.25 நாள். பருவங்கள் திரும்பி வர உண்மையில் ஆவது சுமார் 365.2422 நாள். ஆண்டுக்கு 11 நிமிடச் சொச்சம்தான் வித்தியாசம். ஆனால் அது சேர்ந்து சேர்ந்து 128 ஆண்டுக்கு ஒரு நாளாகிவிடும். பதினாறாம் நூற்றாண்டுக்குள் வசந்தகாலச் சம இரவு நாள் 10 நாள் நகர்ந்துவிட்டது. ஈஸ்டர் பண்டிகையின் கணக்கு குழம்பியது. 1582-இல் போப் 13-ஆம் கிரெகரி 10 நாளை ஒரேயடியாக நீக்கினார். அக்டோபர் 4 வியாழக்கிழமைக்கு மறுநாள் அக்டோபர் 15 வெள்ளிக்கிழமை. அந்த இரவில்தான் ஸ்பெயினில் புனித அவிலா தெரசா இறந்தார். அவர் திருநாள் இன்றும் அக்டோபர் 15-இல் வருவதற்கு அதுதான் காரணம். நடுவில் இருந்த 5 முதல் 14 வரையிலான தேதிகளில், மாறிய அந்த நாடுகளில், அந்த ஆண்டு யாரும் பிறக்கவில்லை, யாரும் இறக்கவில்லை. அப்படி ஒரு பதிவு கண்ணில் பட்டால் அது மாறாத நாட்டின் பதிவாக இருக்கும், அல்லது பிழையாக இருக்கும்.

எல்லா நாடும் ஒரே நேரத்தில் மாறியிருந்தால் நமக்கு வேலையே இல்லை. இத்தாலி, ஸ்பெயின், போர்ச்சுகல், போலந்து ஆகியவை 1582 அக்டோபரிலேயே மாறின. பிரிட்டனும் அதன் காலனிகளும் 1752 வரை இழுத்தடித்தன. அங்கே செப்டம்பர் 2-க்கு மறுநாள் செப்டம்பர் 14. ரஷ்யா 1918-இல்தான் மாறியது, ஜனவரி 31-க்கு மறுநாள் பிப்ரவரி 14. கிரீஸ் 1923 வரை காத்திருந்தது. ஸ்வீடனின் கதை தனி. மெல்ல மெல்ல மாறலாம் என்று தொடங்கி, நடுவில் குழம்பி, பழையபடியே திரும்பினார்கள். அதற்காக 1712-இல் பிப்ரவரிக்கு 30 நாள் வைத்தார்கள். ஆக, பிப்ரவரி 30 என்று ஒரு நாள் உலகில் உண்மையாகவே விடிந்திருக்கிறது.

மாற்றிப் பார்க்க மனதில் வைத்துக்கொள்ள வேண்டிய எண்கள் நான்கே. பழைய தேதியோடு, 1700 பிப்ரவரி இறுதி வரை 10 நாள் கூட்டுங்கள். அங்கிருந்து 1800 பிப்ரவரி இறுதி வரை 11, 1900 பிப்ரவரி இறுதி வரை 12, அதன் பிறகு 13. ரஷ்யாவின் ‘அக்டோபர் புரட்சி’ பழைய கணக்கில் 1917 அக்டோபர் 25. 13 கூட்டினால் நவம்பர் 7. பெயர் அக்டோபரில் நின்றுவிட, நினைவு நாள் நவம்பருக்குப் போனது இப்படித்தான்.

நாளோடு ஆண்டும் மாறும் என்பதை மறக்க வேண்டாம். 1752-க்கு முன் இங்கிலாந்தில் சட்டப்படியான புத்தாண்டு மார்ச் 25. மன்னர் முதலாம் சார்லஸ் தலை துண்டிக்கப்பட்ட ஜனவரி 30-ஐ அன்றைய ஆவணங்கள் 1648 என்று எழுதின. நாம் 1649 என்கிறோம். ஜார்ஜ் வாஷிங்டன் பிறந்தபோது குறிக்கப்பட்ட தேதி 1731 பிப்ரவரி 11. இன்று கொண்டாடப்படுவது 1732 பிப்ரவரி 22. இரண்டும் ஒரே நாள்தான்.

இதே கவனக்குறைவால் பிறந்த ஒரு பிரபலமான வரி உண்டு: ‘கலிலியோ இறந்த ஆண்டில் நியூட்டன் பிறந்தார்.’ கலிலியோ இறந்தது 1642 ஜனவரி 8, இத்தாலியின் புதிய கணக்கில். நியூட்டன் பிறந்தது 1642 டிசம்பர் 25, இங்கிலாந்தின் பழைய கணக்கில். புதிய கணக்கில் அது 1643 ஜனவரி 4. இரண்டையும் ஒரே தராசில் வைத்தால் ஆண்டு வேறாகிவிடுகிறது.

அப்படியானால் எந்தத் தேதியின் கீழ் போடுவது? நான் வைத்திருக்கும் முறை இது. 1582 அக்டோபருக்கு முந்தையவற்றைப் பழைய ஜூலியன் தேதியிலேயே விட்டுவிடுவேன். வரலாற்று நூல்களின் வழக்கமும் அதுதான். சில கணினி நிரல்கள் புதிய நாள்காட்டியைப் பின்னோக்கி நீட்டிக் கணக்கிடும். அவற்றிலிருந்து எடுக்கும் பழைய தேதியை மட்டும் ஒருமுறை சோதித்துவிடுங்கள். 1582-க்குப் பிந்தையவற்றைப் புதிய தேதியில் போட்டு, பழைய தேதியை அதே வரியில் சொல்வேன். ஷேக்ஸ்பியரின் ஏப்ரல் 23 மாதிரி உலகமே பழைய தேதியில் நிலைத்துவிட்ட இடத்தில் அதை மாற்றப் போவதில்லை, ‘பழைய கணக்கில்’ என்ற இரண்டு சொல்லைச் சேர்த்துவிடுவேன்.

இப்போது நம் பட்டியலுக்கு வருவோம். டீர்ஃபீல்ட் மாசசூசெட்ஸில் இருந்த ஆங்கிலேயர் குடியிருப்பு. தாக்கியவர்கள் பிரெஞ்சுக்காரர்களும் அவர்களோடு சேர்ந்த பூர்வகுடிகளும். ஊர்க்காரர்களுக்கு அன்று பிப்ரவரி 29. தாக்க வந்த பிரெஞ்சுக்காரர்களுக்கு அன்று மார்ச் 11. ஒரே விடியற்காலை, ஒரே பனி, இரண்டு தேதி. என் முறைப்படி அது மார்ச் 11-க்குப் போகிறது. பிப்ரவரி 29-இலிருந்து எடுத்துவிட்டேன்.

ரோசினிக்கும் மொரார்ஜிக்கும் நாள்காட்டிச் சிக்கல் இல்லை. ஆனால் நூற்றாண்டு விதி இருவரையும் தொட்டது. நூறால் வகுபடும் ஆண்டு 400-ஆலும் வகுபட்டால்தான் லீப் ஆண்டு. 1800-உம் 1900-உம் வகுபடாதவை. அதனால் 1896-இல் பிறந்த மொரார்ஜிக்கு முதல் பிறந்தநாள் வர எட்டு ஆண்டு ஆயிற்று, 1904-இல். பழைய கணக்கையே பின்பற்றிய ரஷ்யா, கிரீஸ் போன்ற நாடுகளில் மட்டும் 1900 பிப்ரவரி 29 உண்டு. நமக்கு அது மார்ச் 13.

ஹிஜ்ரி, சக ஆண்டு, கலி ஆண்டு, தமிழ் மாதத் தேதி என வேறு கணக்கில் உள்ளவற்றை மாற்றும்போது இன்னும் நிதானம் வேண்டும். பிறை பார்த்து மாதம் தொடங்கும் கணக்கில் மாற்று அட்டவணை ஒரு நாள் முன்பின் காட்டலாம். கல்வெட்டுகளில் பெரும்பாலும் கிழமை, நட்சத்திரம், திதி மூன்றும் கிடைக்கும். மூன்றும் ஒரே நாளில் பொருந்துகிறதா என்று பார்த்துத் தேதியை உறுதி செய்யலாம். அந்த வேலைக்காகவே எல்.டி. சாமிக்கண்ணுப் பிள்ளை கி.பி. 700 முதல் 1799 வரை நாள்வாரியாகக் கணித்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார். கணிப்பொறி இல்லாத காலத்து உழைப்பு அது. நினைக்கும்போதெல்லாம் கை தானாகக் கூப்பும்.

மூன்றாம் படி: எந்த ஊர்க் கடிகாரம்?

நாள்காட்டி சரியாக இருந்தாலும் நள்ளிரவு காலை வாரிவிடும்.

பாரதியாரின் நினைவு நாள் எது? 1921 செப்டம்பர் 11 இரவு கடந்து, அதிகாலை ஒன்றரை மணியளவில் திருவல்லிக்கேணி வீட்டில் உயிர் பிரிந்தது. கடிகாரப்படி அது செப்டம்பர் 12. சூரிய உதயத்தில் நாள் தொடங்கும் பழைய வழக்கில் அது 11-ஆம் தேதி இரவேதான். அதனால்தான் இரண்டு தேதியும் நூல்களில் புழங்குகின்றன. செப்டம்பர் 11-ஐத் தமிழக அரசு மகாகவி நாள் என்று 2021-இல் அறிவித்தது. இந்த மாதிரி இடத்தில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டு மற்றதை மறைப்பது நேர்மையாகாது. ‘செப்டம்பர் 11 நள்ளிரவு கடந்து’ என்று மணியோடு எழுதிவிட்டால் இரண்டு தரப்புக்கும் நியாயம் செய்ததாகும்.

ஸ்வீடன் பிரதமர் ஓலோஃப் பால்மே 1986 பிப்ரவரி 28 இரவு 11.21-க்குச் சுடப்பட்டார். இறந்துவிட்டார் என்று மருத்துவமனை அறிவித்தபோது மணி 12.06, மார்ச் 1 பிறந்துவிட்டது. நிகழ்வுகள் பகுதியில் பிப்ரவரி 28-உம் இறப்புகள் பகுதியில் மார்ச் 1-உம் வர வேண்டும். டைட்டானிக் பனிப்பாறையில் மோதியது 1912 ஏப்ரல் 14 இரவு 11.40. மூழ்கியது ஏப்ரல் 15 அதிகாலை 2.20. இந்த மாதிரி நிகழ்வில் எந்தக் கட்டத்தைச் சொல்கிறோம் என்பதை வினைச்சொல்லிலேயே காட்டிவிடுங்கள்: ‘மோதியது’, ‘மூழ்கியது’.

அடுத்தது தூர நாடுகள். ஹிரோஷிமாவில் குண்டு விழுந்தது 1945 ஆகஸ்ட் 6 காலை 8.15. அப்போது வாஷிங்டனில் ஆகஸ்ட் 5 மாலை. பேர்ல் துறைமுகம் தாக்கப்பட்டது ஹவாயில் 1941 டிசம்பர் 7. ஜப்பானில் அன்று டிசம்பர் 8. நிகழ்வு நடந்த மண்ணின் கடிகாரமே கணக்கு என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் குழப்பம் வராது. நிலவில் ஆம்ஸ்ட்ராங் கால் வைத்ததற்கு மண்ணின் கடிகாரம் இல்லையே! அமெரிக்காவில் அது 1969 ஜூலை 20 இரவு, கிரீன்விச் கணக்கில் ஜூலை 21 அதிகாலை 2.56, இந்தியாவில் 21 காலை 8.26. அங்கே நேரத்தையும் எந்த ஊர் நேரம் என்பதையும் சொல்லியே தீர வேண்டும்.

கொலம்பஸின் கிரகணத்துக்கும் இதே சோதனை. புழு அரித்த கப்பல்களைக் கரையேற்றிவிட்டு ஜமைக்காவில் மாதக்கணக்கில் மாட்டிக்கொண்டிருந்த கொலம்பஸ், ரெஜியோமோன்டானஸ் கணித்த வானியல் அட்டவணையைப் பார்த்து, ‘நிலவு மறையப் போகிறது’ என்று தீவு மக்களை மிரட்டி உணவு வாங்கினார். தீவில் அன்று பிப்ரவரி 29 மாலை. அதே கிரகணத்தை இன்றைய வானியல் பட்டியலில் தேடினால் மார்ச் 1 என்று இருக்கும். பட்டியல் கிரீன்விச் நேரத்தில் இருக்கிறது, அங்கே நள்ளிரவு தாண்டிவிட்டது. பட்டியலும் சரி, கொலம்பஸும் சரி. ஜமைக்காவின் மாலையைத்தான் நாம் சொல்கிறோம் என்பதால் பிப்ரவரி 29-இல் நிற்கலாம்.

அகாதிர் நகரை நிலநடுக்கம் தரைமட்டமாக்கியது உள்ளூர் நேரம் இரவு 11.40. இன்னும் இருபது நிமிடம் கழிந்திருந்தால் இந்தப் பக்கத்திலேயே இருந்திருக்காது. நம் ஊர்களில் அப்போது மார்ச் 1 விடியற்காலை. செய்தித்தாள் தேதியை மட்டும் நம்பினால் இங்கே தவறிவிடுவோம்.

ஆய்வகக் குறிப்பிலிருந்து எடுப்பவர்களுக்கு ஒரு சொல்: வானியலாளர்கள் 1925 வரை நாளை நண்பகலில் தொடங்கினார்கள். அதற்கு முந்தைய வானியல் குறிப்பில் அதிகாலை நிகழ்வு முந்தைய தேதியில் இருக்கும்.

நான்காம் படி: பதிவேடு யார் எழுதியது?

பிறந்த தேதியைப் பார்த்தவுடன் கேட்க வேண்டியது, இது எதிலிருந்து வந்தது என்பது. ஷேக்ஸ்பியரின் பிறந்த தேதிக்குப் பதிவே கிடையாது. 1564 ஏப்ரல் 26-இல் ஞானஸ்நானம் கொடுத்ததுதான் தேவாலய ஏட்டில் இருக்கிறது. இறந்த தேதியோடு அழகாகப் பொருந்துகிறதே என்று 23 பிற்காலத்தில் ஒட்டிக்கொண்டது. பீத்தோவனுக்கும் அப்படியே: 1770 டிசம்பர் 17 ஞானஸ்நானம். 16 என்பது ஊகம். ஜாஸ் இசைக்கலைஞர் லூயி ஆம்ஸ்ட்ராங் தன் பிறந்தநாள் 1900 ஜூலை 4 என்றே வாழ்நாள் முழுக்கச் சொல்லிவந்தார். அவர் மறைந்து பல ஆண்டு கழித்துக் கிடைத்த தேவாலயப் பதிவில் இருந்தது 1901 ஆகஸ்ட் 4.

ஆகவே, ‘பிறந்தார்’, ‘ஞானஸ்நானம் பெற்றார்’, ‘பிறந்ததாகக் கருதப்படுகிறது’ மூன்றும் மூன்று வேறு வரிகள். பிறந்தவர் சொன்ன தேதியைவிடப் பிறந்த காலத்தில் எழுதப்பட்ட ஏட்டுக்கு எடை அதிகம். பள்ளியில் சேர்க்க வசதியாகக் கொடுத்த தேதியே வாழ்நாள் முழுக்க நிலைத்துவிட்ட பெரியவர்கள் எத்தனையோ பேர்.

நிகழ்வுகளிலும் இதே கேள்விதான். அமெரிக்காவின் விடுதலைக்கு மாநாடு வாக்களித்தது 1776 ஜூலை 2. பிரகடன வாசகத்தை ஏற்றது ஜூலை 4. பெரும்பாலானோர் கையெழுத்திட்டது ஆகஸ்ட் 2. வருங்காலத் தலைமுறைகள் கொண்டாடப் போவது ஜூலை 2-ஐத்தான் என்று, பின்னாளில் அமெரிக்க அதிபரான ஜான் ஆடம்ஸ் மறுநாளே மனைவிக்கு எழுதினார். கைவசம் இருக்கும் குறிப்பு எந்தச் செயலைச் சொல்கிறது என்று பார்த்து அந்தச் செயலை மட்டும் எழுதுங்கள்.

ஐந்தாம் படி: கிழமையை வைத்துச் சோதியுங்கள்

இரண்டு நூல் ஒரே தேதியைச் சொன்னால் மட்டும் நிம்மதி அடைய வேண்டாம். ஒன்று மற்றதைப் பார்த்து எழுதியிருக்கலாம். கிழமை அப்படி ஏமாற்றாது. கடிதத்திலோ நாளிதழிலோ ‘வெள்ளிக்கிழமை மாலை’ என்று இருந்தால், அந்தத் தேதி வெள்ளிதானா என்று பாருங்கள்.

இதற்கு ஒரு கைவழி இருக்கிறது. எந்த ஆண்டிலும் 4/4, 6/6, 8/8, 10/10, 12/12 எல்லாம் ஒரே கிழமையில் விழும். பிப்ரவரியின் கடைசி நாளும் அதே கிழமைதான். 1947 ஏப்ரல் 4 வெள்ளி. அப்படியானால் ஆகஸ்ட் 8-உம் வெள்ளி, ஒரு வாரம் கழித்து ஆகஸ்ட் 15-உம் வெள்ளி. இந்திய விடுதலை நாள் வெள்ளிக்கிழமை என்பது சரியாக விழுகிறது. 28 ஆண்டுக்கு ஒருமுறை, நடுவில் 1900 மாதிரி ஓர் ஆண்டு குறுக்கிடாத வரை, கிழமைகள் அப்படியே திரும்பி வரும். 2024 பிப்ரவரி 29 வியாழன். அதிலிருந்து 84 ஆண்டு பின்னால் போனால் 1940, அதுவும் வியாழன். மெக்டேனியல் ஆஸ்கர் வாங்கிய இரவு வியாழக்கிழமை இரவு. பொருந்துகிறது.

ஆறாம் படி: சலிப்பது

எதை வைப்பது என்பது உங்கள் மனசாட்சியின் வேலை. மன்னர்களும் போர்களும் தாமாகவே வந்து நிற்பார்கள். அறிவியல், கலை, சட்டம், உழைப்பு, பேரிடர் இவற்றைத்தான் தேடிப் போய்க் கொண்டுவர வேண்டும். பெரிய மரணத்தின் நிழலில் மறைந்துபோனவர்களையும் தேடுங்கள். 1963 நவம்பர் 22-இல் கென்னடி சுடப்பட்டார். அதே நாளில் எழுத்தாளர்கள் ஆல்டஸ் ஹக்ஸ்லியும் சி.எஸ். லூயிஸும் மறைந்தார்கள், செய்தியில் அவர்களுக்கு இடமே இல்லாமல் போயிற்று. 1953 மார்ச் 5-இல் ஸ்டாலின் இறந்த அதே நாளில், அதே மாஸ்கோவில் இசையமைப்பாளர் புரோகோஃபியேவும் இறந்தார். அவர் மறைவு செய்தியாவதற்குச் சில நாள் ஆயிற்று. தேதிப் பக்கம் போடுகிற நமக்குக் கிடைத்திருக்கும் அருமையான வாய்ப்பு இது. அன்று கிடைக்காத வரியை இன்று கொடுக்கலாம்.

ஒற்றுமைகள் கண்ணில் பட்டால் சொல்லுங்கள். டார்வினும் லிங்கனும் 1809 பிப்ரவரி 12 என்ற அதே நாளில் பிறந்தவர்கள். அமெரிக்க அதிபர்களாக இருந்த ஆடம்ஸும் ஜெஃபர்சனும் 1826 ஜூலை 4-இல், பிரகடனத்தின் ஐம்பதாம் ஆண்டு நிறைவன்று, சில மணி நேர இடைவெளியில் இறந்தார்கள். கலிலியோ இறந்து சரியாக 300 ஆண்டு கழித்து, 1942 ஜனவரி 8-இல் ஸ்டீவன் ஹாக்கிங் பிறந்தார். படிக்கும்போது சிலிர்க்கிறது, சிலிர்க்கட்டும். ஆனால் ‘விதி’ என்று எழுத வேண்டாம். 23 பேர் இருக்கும் அறையிலேயே இருவருக்கு ஒரே பிறந்தநாள் அமையும் வாய்ப்பு பாதிக்கு மேல். ஆயிரக்கணக்கான புகழ்பெற்றவர்களை 366 நாளில் பரப்பினால் இப்படிச் சில அமையாமல் இருந்தால்தான் அதிசயம்.

எனக்குப் பிடித்தது வேறு வகை: தேதி தாண்டியும் உறவு உள்ள இருவர். 1904 பிப்ரவரி 29-இல் எட்டு வயது மொரார்ஜிக்கு முதல் பிறந்தநாள். அன்றுதான் மதுரையில் ருக்மிணி தேவி பிறந்தார். எழுபத்து மூன்று ஆண்டு கழித்து, பிரதமராகிவிட்ட மொரார்ஜி, குடியரசுத் தலைவர் பதவிக்கு நிற்குமாறு ருக்மிணி தேவியைக் கேட்டார். அவர் மறுத்துவிட்டார். இந்த வரிக்காகவே பிப்ரவரி 29 பக்கத்தை நான் ஒவ்வொரு முறையும் ஆசையாகத் திறப்பேன்.

ஏழாம் படி: வரியை எழுதுவது

‘1860: ஹெர்மன் ஹாலரித் பிறந்தார், அமெரிக்கப் பொறியாளர்.’ இந்த வரி யாருக்கும் எதையும் தரவில்லை. ஓர் உண்மையைக் கூட்டுங்கள்: ‘1860: ஹெர்மன் ஹாலரித் பிறந்தார். 1890 அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பை எண்ணி முடித்தவை இவருடைய துளை அட்டை இயந்திரங்கள். பின்னாளில் ஐபிஎம் ஆன நிறுவனத்தின் வேர்களில் ஒன்று இவருடையது.’ இப்போது ஆள் கண்ணுக்குத் தெரிகிறார்.

வினைச்சொல்லில் கவனம். கொல்லப்பட்டவரை ‘காலமானார்’ என்று எழுதினால் கொன்றவரைக் காப்பாற்றிவிடுகிறோம். தூக்கிலிடப்பட்டவர் தூக்கிலிடப்பட்டார்தான்.

வயதை நிறைந்த ஆண்டில் சொல்லுங்கள். 1882 டிசம்பர் 11-இல் பிறந்த பாரதியாருக்கு மறைவின்போது வயது 38. ஆண்டுகளை மட்டும் கழித்து 39 என்று போடுவது பரவலான பிழை. ‘100-வது பிறந்தநாள்’ என்பதும் வழுக்கும் சொல். பிறந்த நாளையே முதலாவதாக எண்ணுகிறவருக்கு அது 99 நிறைந்த நாள். ‘பிறந்து 100 ஆண்டு நிறைந்தது’ என்றால் சண்டையே இல்லை. கி.மு.-வைக் கடக்கும்போது பூஜ்ய ஆண்டு கிடையாது என்பதை நினைவில் வையுங்கள். கி.மு. 44 மார்ச் 15-இல் சீசர் கொல்லப்பட்டதன் 2000-ஆவது ஆண்டு நிறைவு கி.பி. 1957-இல் வந்தது, 1956-இல் இல்லை.

இவ்வளவும் செய்தபின் என் பிப்ரவரி 29 பக்கத்தில் தேறியவை இவை:

1504: ஜமைக்காவில் மாலை எழுந்த நிலவு கிரகணத்தில் சிவந்தது (பழைய கணக்கு). அதை முன்கூட்டியே அறிந்திருந்த கொலம்பஸ் தீவு மக்களை அச்சுறுத்தி உணவு பெற்றார்.

1792: இத்தாலியின் பெசாரோவில் ரோசினி பிறந்தார். 1800 லீப் ஆண்டு இல்லாததால் இவருக்கும் முதல் பிறந்தநாள் எட்டாம் ஆண்டில்தான்.

1860: ஹெர்மன் ஹாலரித் பிறந்தார். (வரி மேலே இருக்கிறது.)

1880: தாஸ்மேனியாவின் முன்னாள் முதல்வர் ஜேம்ஸ் மில்ன் வில்சன் மறைந்தார். பிறந்ததும் பிப்ரவரி 29-இல், 1812-இல். மறைந்த அன்று அவருக்கு 17-ஆவது லீப் பிறந்தநாள்.

1896: மொரார்ஜி தேசாய் பிறந்தார். 1977 முதல் 1979 வரை இந்தியப் பிரதமர். 99 ஆண்டு வாழ்ந்தவருக்கு வந்துபோன பிப்ரவரி 29-கள் 23.

1904: ருக்மிணி தேவி பிறந்தார். சதிர் என்று ஒதுக்கப்பட்டிருந்த ஆடலை (இன்றைய பரதநாட்டியம்) 1935-இல் அடையாறில் மேடையேற்றி ஆடியவர். 1936-இல் கலாக்ஷேத்ராவைத் தொடங்கினார்.

1940: ஹாட்டி மெக்டேனியல் சிறந்த துணை நடிகைக்கான ஆஸ்கர் பெற்றார். ஆஸ்கர் வென்ற முதல் கறுப்பினத்தவர். விழா அரங்கில் அவரைச் சக நடிகர்களிடமிருந்து பிரித்துத் தனி மேசையில் உட்கார வைத்திருந்தார்கள்.

1960: மொராக்கோவின் அகாதிரில் இரவு 11.40-க்கு நிலநடுக்கம். 12,000-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

லூட்விக் மன்னரை எடுத்துவிட்டேன், அவரைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒரு வரிக்கு மேல் அகப்படவில்லை. அடுத்த பிப்ரவரி 29 வருவது 2028-இல், செவ்வாய்க்கிழமை. அதற்குள் அகப்பட்டால் சேர்த்துக்கொள்வேன்.